‘ஹோட்டல் கலிபோர்னியா’ இல்லாத ஈகிள்ஸ் தட்டு தெரியுமா?

ஆலங்காயத்தில் கித்தார் பழகுகிற பையனிடம் அமெரிக்க ராக் குழுவான ஈகிள்ஸ் பெயரைச் சொல்லிப் பாருங்கள். விரல் நேராக ‘ஹோட்டல் கலிபோர்னியா’வுக்குத்தான் ஓடும். ஆனால் அமெரிக்காவில் அவர்களுக்கு அதிகம் விற்ற ஆல்பத்தில் அந்தப் பாட்டே கிடையாது, தெரியுமா? எப்படி இருக்கும்! ‘தேர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் 1971–1975’ கடைக்கு வந்தது 1976 பிப்ரவரி 17. ‘ஹோட்டல் கலிபோர்னியா’ வெளிவந்ததே அந்த டிசம்பரில்! அதில் கித்தாரில் வெளுத்து வாங்கிய ஜோ வால்ஷ் இந்த ஹிட்ஸ் தட்டில் ஒரு தந்தியைக்கூடத் தொடவில்லை.

இத்தனைக்கும் பாடினவர்களுக்கே இது பிடிக்கவில்லை! நாலு ஆல்பங்களிலிருந்து பொறுக்கிய பத்துப் பழைய பாட்டு. கம்பெனிக்குக் காலாண்டுக் கணக்குதான் கவலை என்று குழுவின் டான் ஹென்லி பொருமினார். நியாயமான கோபம்தான். ‘டெஸ்பராடோ’ சிங்கிளாக வந்ததே இல்லை, அதுவும் ‘ஹிட்’ வரிசையில் உட்கார்ந்துவிட்டது!

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். பத்து லட்சம் விற்றால் பிளாட்டினம் என்ற விருதை அமெரிக்க இசைத்தட்டு சங்கம் அந்த வருஷம்தான் கொண்டுவந்தது. முதலில் வாங்கிய ஆல்பம் இதுதான், அதுவும் வெளிவந்த ஒரே வாரத்தில்! 2018 ஆகஸ்டில் கணக்கு 38 மடங்கு பிளாட்டினம், அதாவது 3 கோடியே 80 லட்சம். மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ அப்போது 33-ல் நின்றது. (இணையத்தில் 1,500 முறை கேட்டால் ஒரு ஆல்பம் விற்றதாகக் கணக்கு. கொஞ்சம் கண்ணைச் சுருக்கிக்கொண்டே படிக்கவேண்டிய எண்.)

மொத்தம் சுமார் 43 நிமிடம். அந்தக் கால ரெக்கார்டிங் கடையில் 90 நிமிட கேசட் கொடுத்திருந்தால் முழு ஆல்பமும் ஒரே பக்கத்தில் அடங்கியிருக்கும்!

அட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? வெறும் கழுகு மண்டையோடு! டெக்சாஸ்காரர் பாய்ட் எல்டரின் கைவேலை. நம் வாணியம்பாடி டேனரியில் தோலைத் தடவியே தரம் சொல்கிறவர்கள்கூட ஏமாறுவார்கள். அது எலும்பே இல்லை, பிளாஸ்டிக் வார்ப்பு!

இன்னொன்று. அமெரிக்கப் பாலைவனமும் நெடுஞ்சாலையும் மணக்கிற இந்தக் குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களும் பதிவானது எங்கே? லண்டனில்! தயாரிப்பாளர் கிளின் ஜான்ஸ் ஆங்கிலேயர்.

உச்சக்கட்டம் வின்ஸ்லோ. அரிசோனாவில் ஆலங்காயத்தைவிடச் சின்ன ஊர். முதல் பாட்டான ‘டேக் இட் ஈஸி’யில், அந்த ஊர்த் தெருமுனையில் ஒருவன் நிற்பதாக ஒரு வரி வருகிறது. அவ்வளவுதான்! பாடகர் ஜாக்சன் பிரவுன் பாதியில் விட்டிருந்த அந்தப் பாட்டை ஈகிள்ஸின் கிளென் ஃப்ரே முடித்துக்கொடுத்தார். அந்த ஒரு வரிக்காக 1999-ல் தெருமுனையில் பூங்காவே கட்டி, கித்தாரோடு ஒரு வெண்கல ஆளையும் நிறுத்திவிட்டார்கள். ஃப்ரே 2016-ல் இறந்ததும் அவருக்கும் பக்கத்திலேயே சிலை. பயணிகள் வண்டியை நிறுத்திப் படமெடுத்துப் போகிறார்கள்.

பாட்டெழுதுகிறவர்களே, ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டு முனையில் இடம் காலியாகத்தான் இருக்கிறது!