மிதிவண்டித் தைனமோவும் வீட்டில் அமைக்கும் பெருக்கியும்

1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதி மின்சாரமின்றி இருந்தது. உலர் மின்கலங்களோ தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கின. 2002 ஏப்பிரலில் ஏ-9 நெடுஞ்சாலை திறக்கப்படும்வரை, மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் வானொலிப் பெட்டிக்கு உயிர் கொடுத்தது பெரும்பாலும் மிதிவண்டித் தைனமோவே. மிதிவண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, மிதியை ஒருவர் கையாற் சுழற்ற, அயலார் முற்றத்திற் கூடியிருந்து பி.பி.சி. தமிழோசையின் செய்தியைக் கேட்பர். எந்த ஊர் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பன அவர்களுக்கு வெறும் செய்திகளல்ல. மறுநாட் காலை எத்திசையில் நடப்பது என்பதைத் தீர்மானிப்பன. சுழற்றுபவர் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளர்ந்து கரகரத்தது.

அக்கரகரப்பினுள் ஒலி பெருக்கும் கருவியின் தத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பெருக்கி என்பது, நம் பாடநூல்கள் விரியலாக்கி என அழைப்பது, சிறிய ஒலியைப் பெரிதாக ஊதிவிடும் கருவி எனப் பலர் எண்ணுகின்றனர். அது எந்தச் சக்தியையும் ஆக்குவதில்லை. இரணைமடுக் குளத்தின் வான்கதவை எண்ணிப் பாருங்கள். கதவை அசைக்கும் கையின் வலு சிறிது. பாயும் நீரின் வலு பெரிது. ஆனால் அந்த நீர் குளத்தினுடையது. அவ்வாறே ஒலிவாங்கியிலிருந்து வரும் சில மிலிவோல்ற்று அளவான சைகை கதவை அசைக்கிறது. ஒலிபெருக்கியின் கூம்பை ஆட்டும் வலு மின்வழங்கலிலிருந்து வருகிறது. குளம் வற்றினாற் கதவை எவ்வளவு திறந்தும் பயனில்லை. ஆகவே பெருக்கியை அமைப்பவரும் பழுது பார்ப்பவரும் முதலில் நோக்க வேண்டியது மின்வழங்கலையே.

மிதிவண்டித் தைனமோ 6 வோல்ற்று, 3 உவாற்று எனக் குறிக்கப்பட்டிருக்கும். அது தருவது ஆடலோட்டம். பெருக்கிக்கு வேண்டியது நேரோட்டம். 1 என் 4007 என்னும் இருவாயிகள் நான்கைப் பாலமாக இணைத்தால் ஓட்டம் ஒரு திசைப்படும். அதன் மேடுபள்ளங்களை நிரப்ப 2200 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவி ஒன்று போதும். ஆனால் ஒரு நுட்பம் உண்டு. 6 வோல்ற்று என்பது விளக்கு எரியும்போது உள்ள அளவு. விளக்கைக் கழற்றிவிட்டு விரைந்து சுழற்றினால் அழுத்தம் 20 வோல்ற்றையும் கடக்கக்கூடும். 16 வோல்ற்றுக் கொள்ளளவி வெடித்துவிடும். 50 வோல்ற்றுத் தாங்கும் கொள்ளளவியை இடுவதும், அதன்பின் 7806 என்னும் மூன்று கால் உறுப்பினால் அழுத்தத்தை 6 வோல்ற்றில் நிறுத்துவதும் நன்று. அவ்வுறுப்பு கிடையாதவிடத்து விளக்கையும் உடன் எரியவிட்டால் அழுத்தம் ஓரளவு அடங்கி நிற்கும்.

இனிப் பெருக்கி. எட்டுக் கால்களையுடைய எல்.எம். 386 என்னும் சில்லு மாணவர்க்கு ஏற்றது, விலை குறைந்தது, 4 முதல் 12 வோல்ற்றில் இயங்குவது. (நான் கலைப் பட்டதாரி, தடையிகளின் நிற வளையங்களை வாசிக்க எனக்குக் கற்பித்தவர்கள் என் மாணவர்களே.) சில்லின் வெட்டுக்குறி மேலே இருக்குமாறு பிடித்து, இடப்புறம் மேலிருந்து கீழாகவும், பின் வலப்புறம் கீழிருந்து மேலாகவும் எண்ணுக. 6 ஆம் காலுக்கு நேர் மின், 4 ஆம் காலுக்கு மறை மின். 2 ஆம் காலை மறையுடன் இணைத்து, சைகையை 10,000 ஓம் மாறுந் தடையி வழியாக 3 ஆம் காலுக்குக் கொடுக்க. 5 ஆம் காலிலிருந்து 220 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவி வழியாக 8 ஓம் ஒலிபெருக்கிக்குச் செல்க. இந்நிலையிற் பெருக்கம் 20 மடங்கு. 1 ஆம், 8 ஆம் கால்களுக்கிடையே 10 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவியை இட்டால் 200 மடங்காகும். 6 வோல்ற்றில் ஏறக்குறையக் கால் உவாற்று ஒலி கிடைக்கும்; ஒரு வகுப்பறைக்கு அது போதும். உறுப்புகள் பலவற்றைப் பழைய வானொலிகளிலிருந்தே கழற்றிக்கொள்ளலாம். இலங்கையின் வானொலியே அப்படிப் பிறந்ததுதான்: கைப்பற்றப்பட்ட செருமானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டே எட்வேட் காப்பர் கொழும்பிற் பரீட்சார்த்த ஒலிபரப்பை நடத்தினார் என வரலாறு கூறுகின்றது.

பழுது பார்த்தல்தான் உண்மையான கல்வி. ஒலியே இல்லையெனில் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது வீண் செலவு. மானியை எடுத்து 6 ஆம் காலில் அழுத்தம் உண்டா எனப் பார்க்க. உண்டெனில் 5 ஆம் காலைப் பார்க்க. அங்கே வழங்கலின் சரிபாதி, அதாவது 3 வோல்ற்று, நிற்க வேண்டும். நின்றால் சில்லு பெரும்பாலும் நலமே. பின்பு 3 ஆம் காலை விரலாற் தொடுக. ஒலிபெருக்கி உறுமினால் பெருக்கி வேலை செய்கிறது. குற்றம் ஒலிவாங்கியிலோ அதன் கம்பியிலோ உள்ளது.

இந்த விரற் சோதனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவ்வுறுமல் உடம்பிற் பிறப்பதன்று. சுவரிலும் கூரையிலும் ஓடும் 230 வோல்ற்றுக் கம்பிகளின் அலைவை உடம்பு வாங்கிக் கொடுப்பதே அது. அயலில் மின்கம்பியே இல்லாத காட்டோரக் கொட்டிலில் விரல் வைத்தால் உறுமல் எழாது. நல்ல பெருக்கியும் செத்ததுபோலத் தோன்றும். அங்கே திருகாணிச் செலுத்தியின் நுனியாற் காலைத் தட்டி, 'டக்' என்னும் ஓசைக்குக் காதைக் கொடுக்க வேண்டும்.

இடையறாத இரைச்சலிலும் இருவகை உண்டு. நம் மின்வலை செக்கனுக்கு 50 முறை அலைவது. நான்கு இருவாயிப் பாலம் அதனை 100 ஆக்கும். இரைச்சல் தாழ்ந்த 50 ஆயின் சைகைக் கம்பி வெளியிலிருந்து வாங்குகிறது. உறையிட்ட கம்பியை இடுக. சற்று உயர்ந்த 100 ஆயின் வழங்கலின் கொள்ளளவி உலர்ந்துவிட்டது, அதனை மாற்றுக. சங்கீதம் பயின்ற செவி இவ்வேறுபாட்டை உடனே உணரும். ஒன்று மற்றதன் மேல் சட்சம். தொடக்கப் பயிற்சிக்குத் தைனமோவோ மின்கலமோ போதும். மாணவர் கையில் 230 வோல்ற்றைக் கொடுத்தல் தகாது.

குரல் விட்டுவிட்டு வந்தால் பற்றாசை நோக்குக. நல்ல பற்றாசு பளபளக்கும். மங்கிக் குமிழாக நிற்பது ஒட்டியதுபோற் காட்டி ஒட்டாதது. 'டக் டக்' எனப் படகுப்பொறிபோல் ஓசை எழுந்தால் வழங்கற் கம்பி நீண்டுவிட்டது. 6 ஆம், 4 ஆம் கால்களுக்கருகே 100 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவியொன்றைச் சேர்த்தால் அடங்கும். மண்டபத்தில் ஊளையிட்டால் ஒலிபெருக்கியின் ஒலி ஒலிவாங்கிக்குள் மீளப் புகுகிறது. பேசுபவரை ஒலிபெருக்கியின் பின்புறம் நிறுத்துக. அதன்பின்னும் ஊளை ஓயாவிடின், 1 ஆம், 8 ஆம் கால்களுக்கிடையே இட்ட அந்தச் சிறு கொள்ளளவியைக் கழற்றிவிட்டு, பேசுபவரைச் சற்று உரத்துப் பேசச் சொல்க.