மக்கர் செய்யும் கம்ப்யூட்டருக்கு மருத்துவம்!



கம்ப்யூட்டர் திடீரென்று அசையாமல் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? கண்ட பட்டனையும் தட்டிப் பார்ப்பீர்கள். மவுசை உலுக்குவீர்கள். கடைசியில், "சர்வீஸ் அண்ணாவைக் கூப்பிடுங்கப்பா!" என்பீர்கள். அவர் வருவார், இரண்டு மூன்று கேள்வி கேட்பார், ஏதோ தட்டுவார், சரியாகிவிடும். மந்திரம் போலத் தோன்றும்!

அது மந்திரம் அல்ல. பொறுமையாக, வரிசையாக யோசிக்கும் பழக்கம். இதைக் கல்லூரியில் பாடமாகவே சொல்லித் தருகிறார்கள். இந்தப் பாடம் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரே நாளில் உலகம் முழுக்கத் தெரிந்துகொண்டது. அந்தக் கதையை முதலில் பார்ப்போமா?

85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்த நாள்

2024ஆம் ஆண்டு ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்க நிறுவனம், கம்ப்யூட்டர்களைத் திருடர்களிடமிருந்து காக்கும் சாப்ட்வேரைத் தயாரிக்கிறது. அன்று இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு, அந்த சாப்ட்வேருக்கு ஒரு சின்ன பைலை இன்டர்நெட் வழியாக அனுப்பியது.

அந்தப் பைல், "21ஆவது விவரத்தைப் பார்" என்றது. சாப்ட்வேரிடம் இருந்ததோ 20 விவரங்கள்தான்! இல்லாத ஒன்றைத் தேடிப் போனதால், விண்டோஸ் அப்படியே விழுந்துவிட்டது. திரை முழுவதும் நீல நிறம்!

சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் இப்படிப் படுத்துவிட்டதாக மைக்ரோசாப்ட் நிறுவனம் கணக்கிட்டது. பல நாடுகளில் விமானங்கள் ரத்தாயின. மருத்துவமனைகளும் வங்கிகளும் திண்டாடின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குப் பேனாவால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள்!

தவறான பைலை அந்த நிறுவனம் 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால், ஏற்கெனவே விழுந்த கம்ப்யூட்டர்கள் என்ன ஆவது? ஆன் செய்ததுமே மறுபடியும் விழுந்தன. அதனால் பெரும்பாலானவற்றுக்குத் திருத்தம் போய்ச் சேரவே இல்லை.

கடைசியில் கை கொடுத்தவர்கள் மனிதர்கள்தான். ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து, 'சேப் மோட்' என்ற முறையில் அதை ஆன் செய்து, அந்த ஒரு பைலை மட்டும் அழித்து, மறுபடி ஆன் செய்தார்கள். பல இடங்களில் நாள்கணக்கில் இந்த வேலை நடந்தது. சேப் மோடில் மிகவும் தேவையான சாப்ட்வேர்கள் மட்டுமே ஓடும். மற்றவை தூங்கும். அதனால்தான் விழாமல் நின்றது.

எங்கே படிக்கலாம்?

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஐ.டி.ஐ.யில் 'கோபா' என்ற ஓராண்டுப் படிப்பில் சேரலாம். கம்ப்யூட்டரைப் பூட்டுவது, விண்டோஸ், லினக்ஸ் போன்றவற்றை இன்ஸ்டால் செய்வது எல்லாம் அதில் உண்டு. பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோவும் இருக்கிறது. சரி, வகுப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

முதலில் அளந்து பார்!

புது பீரோ வாங்கும் முன், வாசலில் நுழையுமா என்று அளந்து பார்ப்பார்கள் இல்லையா? சாப்ட்வேரும் அப்படித்தான். ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா? மெமரி போதுமா? எந்த விண்டோசுக்கு ஏற்றது? இதையெல்லாம் பார்த்த பிறகுதான் இன்ஸ்டால் செய்ய வேண்டும். அதற்கும் முன், முக்கியமான பைல்களை வேறு இடத்தில் ஒரு காப்பி எடுத்து வைக்க வேண்டும். இதற்கு 'பேக்கப்' என்று பெயர்.

"தப்பு செய்தால் கல்லூரிக் கம்ப்யூட்டர் கெட்டுப்போகாதா?" என்று கேட்கிறீர்களா? அதற்கும் வழி இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு பொய்க் கம்ப்யூட்டரை உருவாக்க முடியும். அதன் பெயர் 'வர்ச்சுவல் மெஷின்'. அதில் எதை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம், கெடுத்தும் பார்க்கலாம். கெட்டால் அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று! உண்மையான கம்ப்யூட்டர் பத்திரமாக இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்று

பிரிண்டர் வேலை செய்யவில்லை. நீங்கள் கேபிளை மாற்றி, சாப்ட்வேரை அழித்துப் போட்டு, செட்டிங்கையும் மாற்றினீர்கள். வேலை செய்துவிட்டது! ஆனால், மூன்றில் எது சரி செய்தது? தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு வந்தால், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால்தான், ஒன்றை மட்டும் மாற்று, சோதித்துப் பார், பிறகு அடுத்ததற்குப் போ என்கிறார்கள்.

பாதி பாதியாகத் தேடு

நண்பனிடம் 1 முதல் 64 வரை ஓர் எண்ணை நினைக்கச் சொல்லுங்கள். "32ஐ விடப் பெரியதா?" என்று கேளுங்கள். எந்தப் பதில் வந்தாலும் பாதி எண்கள் போய்விடும். மீதியை மறுபடி பாதியாக்குங்கள். ஆறே கேள்விகளில் எண் அகப்பட்டுவிடும்!

கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது கூடவே 64 சாப்ட்வேர்கள் ஓடுகின்றன, அதில் ஒன்றுதான் குறும்பு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதியை நிறுத்திப் பார்த்தால், குறும்புக்காரன் எந்தப் பாதியில் இருக்கிறான் என்று தெரிந்துவிடும். அவனைப் பிடிக்க ஆறு சோதனை போதும்.

நோட்டில் ஒட்டிய பூச்சி

1947, செப்டம்பர் 9. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்ற பெரிய கம்ப்யூட்டர் தகராறு செய்தது. திறந்து பார்த்தால், உள்ளே ஓர் அந்துப்பூச்சி! அதை எடுத்து, வேலைக் குறிப்பு நோட்டிலேயே டேப் போட்டு ஒட்டி, நேரத்தையும் எழுதி வைத்தார்கள். அந்த நோட்டு இன்றும் அமெரிக்க தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. என்ன கோளாறு, எப்படிச் சரியானது என்று எழுதி வைப்பது நல்ல டெக்னீஷியனுக்கு அழகு.

காதும் வேண்டும்!

கம்ப்யூட்டர் பேசாது. அதைப் பயன்படுத்துபவர்தான் பேசுவார். "என்னவோ ஆயிடுச்சு தம்பி" என்று பதற்றமாகச் சொல்வார். அவரிடம், "கடைசியாக என்ன செய்தீர்கள்? திரையில் என்ன வந்தது?" என்று பொறுமையாகக் கேட்க வேண்டும். "உங்களால்தான் கெட்டது" என்று திட்டினால், அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டார். இன்னொன்று, ஓ.டி.பி., பாஸ்வேர்டு சொல்லுங்கள் என்று போனில் யாராவது கேட்டால் அவர் உதவ வந்தவர் இல்லை. உடனே போனை வைத்துவிடுங்கள்!

நீங்களும் செய்யலாம்

1. திரையில் வரும் எச்சரிக்கையை மூடிவிடாதீர்கள். படித்து, அப்படியே எழுதி வையுங்கள்.

2. கோளாறுக்கு முன் புதிதாக என்ன மாறியது என்று யோசியுங்கள்.

3. முடிந்தால் வேலையைச் சேமித்துவிட்டு, 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். மெமரியில் குழம்பிக் கிடந்தவை காலியாகி, எல்லாம் புதிதாகத் தொடங்கும். பாதிக் கோளாறு இதிலேயே ஓடிவிடும்!

4. சரியாகவில்லையா? பெரியவர்களிடம் உங்கள் குறிப்பைக் காட்டுங்கள். பெயர் தெரியாத பைலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் பெரிய கம்ப்யூட்டர் அறிவு வேண்டுமா? கவனமும் பொறுமையும் ஒரு நோட்டும் போதும். அந்த ஜூலை மாதத்தில் 85 லட்சம் கம்ப்யூட்டர்களைத் தூக்கி நிறுத்தியவர்களும் இந்த இடத்தில்தான் ஆரம்பித்தார்கள். அடுத்த முறை கம்ப்யூட்டர் மக்கர் செய்தால், மவுசை உலுக்காதீர்கள். பென்சிலை எடுங்கள், நண்பர்களே!