புள்ளிகளால் ஒரு ஞாயிற்றுக்கிழமை

நம் சங்கத்தின் சென்ற கூட்டத்தில் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூராவைப் பற்றிப் பேசுகையில், "அவர் ஓவியம் தூரிகை பிடித்த இயற்பியல்" என்று முழங்கினேன். நண்பர்களும் கைதட்டினீர்கள். விடுதிக்குத் திரும்பி அச்சுப் பிரதியொன்றை உருப்பெருக்காடியால் நோக்கினேன். புள்ளிகள் தெரிந்தன, பெரிதும் மகிழ்ந்தேன். சற்றுப் பொறுத்தே அவை சூரா வைத்த புள்ளிகள் அல்ல, அச்சகத்தார் வைத்தவை என்பது விளங்கிற்று! அன்று பேசியதைத் திருத்திக்கொள்ளவே இக்கட்டுரை.

சூரா 1859-இல் பாரிசில் பிறந்தவர். கலைப்பள்ளியில் பயின்று, ஓராண்டு படைப்பணியும் முடித்துத் திரும்பியபின், கறுப்புக் கோலால் மட்டுமே வரைந்து பழகினார். கோடு இழுக்காமல், கருமையின் அடர்த்தியாலேயே உருவைத் தோற்றுவிக்கும் திறன் அவருக்குக் கைவந்தது. 1884-இல், சேன் ஆற்றங்கரையில் எளிய மக்கள் இளைப்பாறும் காட்சியை 'அனியேரில் நீராடுவோர்' என்று தீட்டினார். 'சலோன்' என்னும் பெருங்காட்சியின் நடுவர்கள் அதனை ஏற்கவில்லை. அவர் மனந்தளரவில்லை, அவ்வாண்டே எதிர்ப்புறத்துத் தீவுக்குச் சென்று அடுத்த படத்தைத் தொடங்கினார். அதுவே 'கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு பிற்பகல்'.

ஏறத்தாழ 2 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் கொண்டது அது. குடை பிடித்த மாது, அவள் கையில் கயிற்றில் கட்டிய குரங்கு, புல்லில் சாய்ந்து புகைபிடிப்பவன், படகுகள், நாய்கள் யாவும் அதில் உண்டு. இதற்காக அவர் தீட்டிய முன்வரைவுகள் ஐம்பதுக்கும் மேல். 1886-இல் இம்ப்ரெஷனிஸ்டுகளின் எட்டாவதும் இறுதியுமான கண்காட்சியில் அது வைக்கப்பட்டது.

இனி அறிவியலுக்கு வருவோம். கோபெலின் நெசவாலையில் சாயப் பகுதியை மேற்பார்த்தவர் செவ்ரேல் என்னும் வேதியியலார். கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்ற குறையை ஆராய்ந்த அவர், குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்து நிறத்தில் இருக்கிறது என்று கண்டார். அருகருகே வைத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்ற அவருடைய நூல் 1839-இல் வெளிவந்தது. சாயங்களைக் குழைத்தால் ஒளி குறையும், ஒளிகளைக் கலப்பது வேறு என்று அமெரிக்க இயற்பியலார் ரூட் 1879-இல் விளக்கினார். இவற்றைக் கற்ற சூரா, தட்டில் குழைக்காமல் தனி நிறங்களைச் சிறு புள்ளிகளாக வைத்து, கலக்கும் வேலையைக் கண்ணிடமே விட்டார்.

நான் தவறியது இங்கேதான். புள்ளிகள் கண்ணில் கலந்தால் கிடைப்பது அந்நிறங்களின் சராசரி ஒளியே. அதற்கு மேல் ஒளி எங்கிருந்து வரும்? மஞ்சளும் நீலமும் அவ்வாறு கலந்தால் பச்சை பிறப்பதில்லை. சாம்பல் நிறமே நெருங்கும். மேலும், படத்தின் பெரும்பகுதி முதலில் சிறு தீற்றல்களால் தீட்டப்பட்டது. புள்ளிகள் 1885-86-இல் மேலே சேர்க்கப்பட்டவை. வழக்கமாக நின்று பார்க்கும் தொலைவில் அவை முழுதும் கலப்பதுமில்லை, துடிக்கின்றன. அத்துடிப்பே அழகு.

வேதியியலும் அவரை ஏமாற்றியது. புதிதாக வந்த துத்தநாக மஞ்சளை நம்பிப் புல்வெளியில் வெயிலைத் தூவினார். அது குரோமேட் சேர்ந்த நிறமி. சில ஆண்டுகளிலேயே பழுப்பேறிற்று. ஓவியர் மறைந்த மறு ஆண்டே, படம் தன் ஒளியை இழந்தது என்று திறனாய்வாளர் ஃபெனியோன் வருந்தி எழுதினார்.

அப்படியானால் படம் தோற்றதா? இல்லை. வெயில் மங்கியும் அந்த அமைதி மங்கவில்லை. ஓய்வு நாளில் ஒருவரையொருவர் நோக்காமல் சிலைகள்போல் நிற்கும் அம்மனிதர்களுக்கு நடுவே, வெள்ளுடைச் சிறுமி ஒருத்தி மட்டும் நம்மை நேரே நோக்குகிறாள். அவளை அங்கே நிறுத்தியது எந்த விதியும் அன்று. கறுப்புக் கோலால் பழகிய அந்தக் கண்ணே.

சூரா 1891-இல், 31 வயதில், 'சர்க்கஸ்' என்ற ஓவியத்தை முடிக்காமலே மறைந்தார். கிராந்த் ஜாத் இன்று சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. "தூரிகை பிடித்த இயற்பியல்" என்ற என் சொல்லை நான் திரும்பப் பெறுகிறேன். இயற்பியல் அவருக்கு ஒழுங்கைத் தந்தது. ஓவியத்தைத் தந்தவர் அவரே. கைதட்டியவர்கள் பொறுத்தருள்க.