கீட்டோன்களும் புற்றுநோயும்

சென்ற மாதம் ஊரிலிருந்து அத்தை தில்லிக்குத் தொலைபேசியில் அழைத்தார். மாமாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய், மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். "சர்க்கரைதான் அந்த நோய்க்குத் தீனியாமே! யாரோ சொன்னார்களென்று சோற்றையே விட்டுவிட்டார். முட்டையும் நெய்யுந்தான். நீ அதைத்தானே படிக்கிறாய், சரிதானா சொல்லப்பா" என்றார். உயிர் இரசாயனம் படிக்கும் எனக்கு உடனே விடை வரவில்லை. ஏனெனில் அவர் கேள்விப்பட்டதில் பாதி உண்மை.

ஜெர்மானிய விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்ட செய்தி இது: பிராணவாயு போதிய அளவு இருக்கும்போதும் புற்றணுக்கள் குளுக்கோஸை ஏராளமாக விழுங்கி, முற்றும் எரிக்காமல் லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளுகின்றன. சோறு குறைந்தால் நம் ஈரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன் பொருள்களை உண்டாக்குகிறது. அசிட்டோ அசிட்டேட், பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட், அசிட்டோன் என அவை மூன்று. முதலிரண்டும் மூளைக்கும் இருதயத்துக்கும் எரிபொருள். சமைத்து அனுப்பும் ஈரலோ அதை உண்ண இயலாது. அதற்கு வேண்டிய நொதி அதனிடம் இல்லை. அந்த நொதி குறைந்த புற்றணுக்களும் உண்டு. ஆகவே குளுக்கோஸைக் குறைத்துக் கீட்டோனைப் பெருக்கினால் உடல் பிழைக்கும், புற்று பட்டினி கிடக்கும் என்பது வாதம். கேட்க எவ்வளவு நேர்த்தியாயிருக்கிறது!

2022-இல் வெளியான ஆய்வொன்றில், பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் சுண்டெலிகளின் குடற்கட்டிகளை வளரவொட்டாமல் தடுத்தது. ஆனால் பட்டினி போட்டு அன்று. உயிரணுவின் மேலுள்ள ஓர் ஏற்பியைத் தொட்டு, 'பெருகாதே' என்று பணிப்பது போன்ற வேலை அது. 2017-இல் வந்த இன்னோர் ஆய்வு நேர்மாறானது. பி-ராஃப் என்னும் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட பிழையுள்ள மெலனோமா என்ற தோற்புற்று, அசிட்டோ அசிட்டேட் மிகுந்தபோது எலிகளில் விரைந்து வளர்ந்தது. ஒரே குடும்பத்துப் பொருள்கள். ஒரு புற்றுக்குத் தடை, மற்றொன்றுக்கு உரம்!

மாமாவுக்கு வந்திருப்பதும் குடற்புற்றுத்தானே என்று எனக்கும் ஆசை எழுந்தது. ஆனால் எலி எலிதான். மேலும், சோற்றை நிறுத்தினாலும் இரத்தத்தில் குளுக்கோஸ் அற்றுப் போவதில்லை. தசைப் புரதத்தைக் கரைத்தேனும் ஈரல் அதைச் செய்துவிடும். மெலிந்த நோயாளிக்கு மருந்தைத் தாங்கும் வலுவும் குறையும்.

இத்தனையையும் புரட்டிப் பார்த்துவிட்டு, அன்றிரவே அத்தையை அழைத்தேன்.

"மாமா எடை என்ன அத்தை?"

"இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்துவிட்டதப்பா."

"இந்தப் பத்தியத்தை டாக்டரிடம் சொன்னீர்களா?"

இல்லையாம். முதலில் அதைச் சொல்லுங்கள் என்றேன். மறுநாள் மாலை மாமாவே பேசினார்: "டாக்டர் கோபித்துக்கொண்டார். இரசஞ்சாதம் சாப்பிட்டேன், நாக்குக்குத்தான் ருசி தெரியவில்லை."