கையுறையும் ஹாண்ட்ஷூவும்

திருவனந்தபுரத்தில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் பெரும்பாலும் நர்ஸிங் முடித்தவர்கள். நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பிள்ளைகளோடு நாகர்கோவிலிலிருந்து ரயிலேறி வருகிற தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனம் 2021 டிசம்பரில், நர்ஸ்களை ஜெர்மனிக்கு அனுப்ப, ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு முகமையோடு ‘டிரிப்பிள் வின்’ ஒப்பந்தம் போட்டது. அதன்பிறகு இந்த மொழி இங்கே வீட்டுப் பேச்சாகிவிட்டது.

எல்லோரும் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டே ஜெர்மனுக்குள் நுழையப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

“டீச்சர், கத்தரிக்கோல் ஒண்ணுதானே, அத ஏன் சிசர்ஸ்னு பன்மையில சொல்றாங்க?” என்று ஒரு நாகர்கோவில் பெண் கேட்டாள். நல்ல கேள்வி. ஆங்கிலத்தில் கத்தரிக்கோல், மூக்குக்கண்ணாடி, கால்சட்டை மூன்றுமே பன்மை. இரண்டு அலகு, இரண்டு வில்லை, இரண்டு கால் என்ற கணக்கு. ஜெர்மனில் ஷேரெ, பிரில்லெ, ஹோஸெ எல்லாம் ஒருமை, நம் தமிழைப் போலவே.

மருத்துவமனைச் சொற்களில் இந்த நெருக்கம் இன்னும் கூடுதல். ஹாஸ்பிட்டல், ஆம்புலன்ஸ் இரண்டும் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனவை. அர்த்தம் வெளியே தெரியாது. ஜெர்மன்காரர் ‘நோயாளி வீடு’ என்கிறார்: கிராங்கன்ஹவுஸ். ‘நோயாளி வண்டி’ கிராங்கன்வாகன். கையுறைக்கு ஹாண்ட்ஷூ, அதாவது கைச்செருப்பு. கையுறை என்று சொல்லி வளர்ந்தவளுக்கு இது அந்நியமா?

ஜெர்மன் கூட்டுச்சொல்லில் கடைசிச் சொல்தான் தலைமை, பாலை முடிவு செய்வதும் அதுவே. ஹவுஸ் அஃறிணைப் பால், எனவே கிராங்கன்ஹவுஸும் அப்படியே. வாகன் ஆண்பால், எனவே கிராங்கன்வாகனும் ஆண்பால். நடுவில் சில வேளை ஓர் ஒலி முளைக்கும். கெபூர்ட் என்றால் பிறப்பு, டாக் என்றால் நாள், சேர்ந்தால் கெபூர்ட்ஸ்டாக். அந்த ‘ஸ்’ இரண்டு சொல்லிலும் கிடையாது. வாழையும் பழமும் சேர்ந்து வாழைப்பழம் ஆகும்போது ‘ப்’ எங்கிருந்து வந்தது? விதி வேறு, ஆனால் காதுக்குப் பழகிய சங்கதி.

ஒரு சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். பழைய பாடநூல்களில் நர்ஸுக்கு ‘கிராங்கன்ஷ்வெஸ்டர்’ என்றிருக்கும், நோயாளிச் சகோதரி. இன்றும் பேச்சில் கேட்கலாம். ஆனால் 2020 முதல் பயிற்சி தொடங்கியவருக்கு, அதை முடித்ததும் சட்டப்படியான பெயர் ‘ஃப்ளேகெஃபாக்ஃப்ராவ்’, பராமரிப்பில் தேர்ந்த பெண். ஆணானால் கடைசியில் ‘மான்’.

பிள்ளைகளே, சொல் நோட்டில் ஆங்கிலப் பத்தியை அடித்துவிடுங்கள். ஜெர்மனுக்கு நேரே தமிழிலோ மலையாளத்திலோ எழுதுங்கள்.