தூரத்துக் காதுகளுக்கு ஒரு தனி ஒலி

முத்துக்குளித்துறையின் பழைய துறைகளுள் ஒன்றாகிய கீழவைப்பார், வைப்பாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய ஊராகும். இக்கடற்கரையின் கோயில் திருவிழாக்களில் மைக் செட் நெடுங்காலமாகவே இடம்பெற்றுவந்தாலும், கப்பல்களிலும் வளைகுடா நாடுகளிலும் பணிபுரியும் உறவினருக்கும் விழா கேட்க வேண்டும் என்ற விருப்பம் இணைய நேரலையால்தான் நிறைவேறத் தொடங்கியது. 2020ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில், ஆகஸ்ட் 5 அன்று நிகழும் தூத்துக்குடிப் பனிமய மாதா பேராலயப் பெருவிழா மக்கள் கூட்டமின்றி நடந்தபோது, நேரலை ஒன்றே பலருக்கு விழாவாயிற்று.

கோயில் முற்றத்தில் நிற்பவர் ஒலிபெருக்கியோடு பாடகரின் இயல்பான குரலையும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியையும் கூட்டத்தின் சலசலப்பையும் சேர்த்தே கேட்கிறார். கைப்பேசியில் கேட்பவருக்கோ மைக் பிடித்தது மட்டுமே கிடைக்கிறது. மேலும், கூம்பு ஒலிபெருக்கிகள் தாழ்ந்த ஓசைகளை வெளியிட மாட்டாதவை என்பதால், அவற்றுக்கேற்பச் சீரமைத்த ஒலியை ஹெட்ஃபோனில் கேட்கையில் அது மெலிந்தும் கீச்சிட்டும் ஒலிக்கிறது. ஊரெல்லாம் அதிர வேண்டும் என்பதையே பெருமையாகக் கருதும் வழக்கம் நேரலைக்கு உதவாது.

காந்தப் புலத்தில் மெல்லிய கம்பிச்சுருள் அசைவதால் மின்குறிப்பை உண்டாக்கும் டைனமிக் மைக், உணர்திறன் குறைந்தது என்பதாலேயே இங்கு ஏற்றது. கடலிரைச்சலையும் மின்விசிறியின் ஓசையையும் அது அவ்வளவாக இழுப்பதில்லை. 1966இல் வெளிவந்த ஷூர் எஸ்எம்58 இவ்வகையினதே. மின்னேற்றம் பெற்ற தகட்டின் அதிர்வைக் கொண்டு இயங்கும் கண்டென்சர் மைக், பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சரிலிருந்து பேண்டம் பவர் எனப்படும் 48 வோல்ட் மின்சாரம் பெற்று, பாடகர் குழு முழுவதையும் சற்றுத் தொலைவிலிருந்தே பதிவு செய்யும். ஆயினும் மைக்கின் விலையைவிட அதற்கும் வாய்க்கும் உள்ள இடைவெளியே முதன்மையானது. அவ்விடைவெளி இரட்டிப்பாகும்போது நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் குறைய, கட்டடத்தின் எதிரொலி ஏறத்தாழ அப்படியே நிற்பதால், பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. கடற்காற்று மைக்கில் மோதும் இடத்தில் நுரையுறை மாட்டி, மிக்சரில் 80 அல்லது 100 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள ஓசைகளை வடிகட்டும் பொத்தானையும் அழுத்திவிட்டால் உறுமல் பெரிதும் அடங்கும்.

மிக்சரில் முதலில் கவனிக்க வேண்டியது, மைக்கின் மெல்லிய குறிப்பை வளர்க்கும் கெயின் திருகாகும். டிஜிட்டல் ஒலியின் உச்சவரம்பு பூச்சியம். அதைத் தாண்டிய அலையின் முகடு வெட்டுண்டு, பின்னர் எந்தக் கருவியாலும் முழுதாக மீளாது. எனவே உரத்த பாடலின்போதும் அளவுகாட்டி பூச்சியத்துக்கு 6 முதல் 12 டெசிபல் கீழேயே நிற்குமாறு கெயினை வைப்பர். அடுத்து, முதன்மை வெளியீட்டையே இரண்டாகப் பிரித்து அனுப்பாமல், ஆக்ஸ் எனப்படும் துணைவழியில், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முன்னரே பிரித்தெடுத்த ஒலியைக் கணினிக்கு அனுப்பினால், முற்றத்தில் ஒலிபெருக்கியைக் கூட்டினாலும் குறைத்தாலும் நேரலை அசையாது. கூட்டத்தின் பதில்மொழி கேட்பதற்கெனத் தனி மைக் ஒன்றை வைத்து இத்துணைவழியில் மட்டும் சேர்ப்பது நன்று. அது இல்லாத திருப்பலி ஆளற்ற கூடத்தில் நடப்பதாகவே தோன்றும்.

திருவிழா இரவுகளில் ஜெனரேட்டரும் சீரியல் விளக்குகளும் சேர்ந்து உண்டாக்கும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பெருந்தொல்லையாகும். மூன்று முள் கொண்ட எக்ஸ்எல்ஆர் கேபிளில் ஒரே குறிப்பு இரு கம்பிகளில் நேரெதிராகச் செல்ல, வழியில் இரண்டிலும் ஒன்றுபோல் புகும் இரைச்சல் முடிவில் தம்முள் கழிந்துபோகிறது. அதன் பின்னும் ரீங்காரம் நீடித்தால், மிக்சரும் கணினியும் வெவ்வேறு எர்த்தில் இணைந்திருக்கக்கூடும். எர்த் கம்பியைத் துண்டிப்பது உயிருக்கே ஆபத்தாதலால், இரண்டையும் ஒரே இணைப்பிலிருந்து இயக்குவதோ இடையில் தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் பொருத்துவதோதான் முறை.

நேரலை பார்வையாளரைச் சென்றடையப் பல நொடிகள் ஆவதால், கைப்பேசியில் கேட்டுக்கொண்டே திருகுகளைத் திருத்த இயலாது. திருத்தம் மிக்சரில் செருகிய ஹெட்ஃபோனைக் கொண்டும், படமும் குரலும் பொருந்துகின்றனவா என்ற சரிபார்ப்பு மொபைல் இணையத்தில் இயங்கும் வேறொரு கைப்பேசியைக் கொண்டும் நடைபெறுகின்றன.