புற்றுநோய் தருவது நிகோடினா, புகையா?

மாமா 30 வருடமாகப் பீடி பிடிப்பவர். மருத்துவர் எழுதிக் கொடுத்த நிகோடின் சூயிங்கம் அட்டையை இரண்டே நாளில் என்னிடம் திருப்பித் தந்துவிட்டார். "பீடியில இருக்குற அதே விஷம்தான மாப்ள இதுலயும் இருக்கு? அட்டையிலயே போட்டிருக்கான் பாரு. நாளைக்குக் கேன்சர் வந்தா யார் பாக்குறது?" என்றவர், திண்ணையில் போய் உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்ற வைத்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-19இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். நிகோடினே நேரடியாகப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று அவர்களில் 80 சதவீதம் பேர் நம்பினார்கள். டாக்டர்களுக்கே இந்தக் குழப்பம் இருக்கும்போது மாமா என்ன செய்வார்?

புகையிலைச் செடி பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத் தயாரிக்கும் பொருள்தான் நிகோடின். ஒரு இழுப்பு இழுத்தால் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து, 10 முதல் 20 நொடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே அது கொடுக்கும் சின்னச் சுகம்தான் ஆளை விடாமல் பிடித்து வைக்கிறது. புற்றுநோய் வேறு பொருள்களிலிருந்து வருகிறது. எந்த இலையைக் கொளுத்தினாலும் தார் உண்டாகும். பீடி, சிகரெட் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. பென்சீன், ஃபார்மால்டிஹைடு, பென்சோபைரீன், ஆர்சனிக், காட்மியம், கதிர்வீச்சுள்ள பொலோனியம் என்று புற்றுநோய் உண்டாக்குபவை மட்டுமே சுமார் 70. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலைப் புகையையும் மெல்லும் புகையிலையையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. நிகோடினை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

கொளுத்தாமல் வாயில் அடக்கும் ஹான்ஸ், கூல் லிப் போன்ற புகையிலைப் பொருள்களில் புகையே இல்லையே, பிறகு எப்படி வாய்ப்புற்று வருகிறது என்று கேட்கலாம். புகையிலையை உலர்த்திப் பதப்படுத்தும்போது, அதிலுள்ள நிகோடினும் அதன் உறவுப் பொருள்களும் நைட்ரோசமைன்களாக மாறுகின்றன. வாயை அரித்துப் புற்றாக்குவதில் இவற்றுக்குத்தான் பெரிய பங்கு. சூயிங்கத்தில் இருப்பது சுத்திகரித்துப் பிரித்தெடுத்த நிகோடின். இலையும் அதில் இல்லை, தாரும் இல்லை.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கை ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் கவலை தருகிறது. "நான் புகையிலை சேர்க்கிறதில்லை, வெறும் வெற்றிலை பாக்குதான்" என்று சொல்லும் பாட்டிகளை எல்லாருக்கும் தெரியும். கொட்டைப்பாக்கில் நிகோடின் துளியும் கிடையாது. ஆனால் அதே முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை, புகையிலை சேராத வெற்றிலை பாக்கும், தனிப் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று சொல்லிவிட்டது. பாக்கு மென்று மென்று கன்னத்தின் உட்தசை நார்போல இறுகி, ஒரு கவளம் சோறு நுழையும் அளவுக்குக்கூட வாயைத் திறக்க முடியாமல் போகிறது. புற்றுக்கு முந்தைய நிலை அது. நிகோடின் இருப்பதை மட்டும் பார்த்துப் பயந்தால், பாக்கு கண்ணில் படாமலே போய்விடும்.

அதற்காக நிகோடினை நல்ல பிள்ளையாக்கவும் முடியாது. இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டும். கருவிலுள்ள குழந்தைக்குக் கெடுதல். வளரும் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். அதிக அளவில் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே இருக்கும் கட்டியை வளர்க்க அது உதவக்கூடும் என்று சில விலங்குச் சோதனைகள் காட்டியிருப்பதால் ஆராய்ச்சி தொடர்கிறது. புகைக்காத ஒருவர் இதைத் தொட எந்தக் காரணமும் இல்லை. ஆனால் நாள் முழுக்கப் பீடி பிடிப்பவருக்கு முன்னால் இருப்பது வேறு கேள்வி: புகையோடு நிகோடினா, புகை இல்லாமல் கொஞ்ச நாளைக்கு மட்டும் நிகோடினா?

இந்த சூயிங்கம் பிறந்த கதையே அதற்குப் பதில் சொல்கிறது. சுவீடன் நீர்மூழ்கிக் கப்பல்களில் புகைபிடிக்க முடியாத மாலுமிகள் மெல்லும் புகையிலையை வைத்துச் சமாளிப்பதை 1960களில் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். உடம்பு தேடுவது புகையை அல்ல, நிகோடினைத்தான் என்பது புரிந்தது. ஹெல்சிங்போர்க் நகரில் ஓவே ஃபெர்னோ என்ற வேதியியலாளர் அந்த எண்ணத்தை சூயிங்கமாக்கினார். 2009 முதல் நிகோடின் சூயிங்கமும் தோலில் ஒட்டும் பட்டையும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன.

மாமா இரண்டு நாளில் கைவிட்டதற்கு இன்னொரு காரணமும் பிறகுதான் தெரிந்தது. சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மென்றிருக்கிறார். தொண்டை எரிந்து விக்கல் எடுத்திருக்கிறது. மெதுவாக நாலைந்து முறை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். டீ, காபி குடித்து 15 நிமிடத்துக்குள் போட்டால் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது. மாமாவோ டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீயோடு சேர்த்தே மென்றிருக்கிறார். இப்போது அட்டை மறுபடி அவர் சட்டைப் பையில் இருக்கிறது. புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணையும் அதன் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.